மாமாவின் பழைய ரோடு சைக்கிளுக்கு எந்தப் பாகம் பொருந்தும்?

பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர் ஒருவரின் நீண்ட கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன். காலமான தாய்மாமாவின் வீட்டுப் பரணிலிருந்து, 1970-களின் நடுப்பகுதியில் செய்யப்பட்ட பிரெஞ்சு ரோடு சைக்கிள் ஒன்று அவருக்குக் கிடைத்திருக்கிறது. எஃகு ஃபிரேம், சீட் குழாயில் ரெனால்ட்ஸ் 531 என்ற எஃகுக் குழாய் வகையின் ஸ்டிக்கர், முன்னால் இரண்டும் பின்னால் ஐந்துமாகப் பல்சக்கரங்கள், 27 அங்குலச் சக்கரங்கள். தன் சிறுவயதில் மாமா ஓட்டுவதைப் பார்த்த சைக்கிள் என்பதால் அதை மீண்டும் ஓடவைத்து, வார இறுதிகளில் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் போய்வர வேண்டும் என்பது அவருடைய ஆசை. எஃகு ரோடு சைக்கிள் எல்லாம் ஒரே அளவுதான் என்று நண்பர் ஒருவர் சொன்னதை நம்பி, புதிய பாட்டம் பிராக்கெட் (ஃபிரேமின் அடியில் பெடல் அச்சைச் சுழலவைக்கும் பாகம்), ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடித்து முன் ஃபோர்க்குக்குள் இறங்கும் பாகம்), பெடல்கள், இன்றைய ரோடு சைக்கிள் அளவான 700சி சக்கர ஜோடி, எட்டு கியருக்கான பிரேக்கும் கியரும் சேர்ந்த லீவர்கள் ஆகியவற்றை வாங்கிவிட்டார். பழைய பாட்டம் பிராக்கெட்டை இருபுறமும் மரையால் பூட்டும் இரண்டு கப்புகளும் சிரமமில்லாமல் வழக்கமான இடஞ்சுழித் திசையில் கழன்றுவந்தன. ஆனால் புதியதன் வலப்பக்கக் கப் ஏறவே இல்லை. இடப்பக்கக் கப் கையாலேயே இரண்டு சுற்று ஏறி, அதன்பின் ஸ்பேனர் போட்டும் நகராமல் நிற்கிறது. புதிய ஸ்டெம்மும் ஃபோர்க்குக்குள் இறங்கவில்லை. மரையைப் புதிதாக வெட்டிவிடலாம், ஸ்டெம்மைத் தட்டினால் இறங்கிவிடும், பின்பக்கத்தை விரித்துச் சக்கரத்தை உட்காரவைத்துவிடலாம் என்று பட்டறைக்காரர் சொல்கிறார். செய்யச் சொல்லலாமா, பழைய ஹேண்டில்பாரையும் ஸ்டெம்மையும் அந்தக் கால உலோகம் என்ற தைரியத்தில் அப்படியே வைத்துக்கொள்ளலாமா, அல்லது முயற்சியையே கைவிடலாமா என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

பட்டறைக்காரரிடம் இன்றைக்கே சொல்லி வேலையை நிறுத்திவையுங்கள். அவர் கெட்ட எண்ணத்தில் எதையும் சொல்லவில்லை. கைக்கு வந்த பாகத்தை எப்படியாவது பொருத்திக்கொடுக்க வேண்டும் என்பது பட்டறை வேலையில் இருக்கும் எல்லோருக்கும் உள்ள இயல்பு. ஆனால் அவர் சொன்ன மூன்று வேலைகளும் செய்தபின் திரும்பப்பெற முடியாதவை, அல்லது மிகுந்த கஷ்டத்துடன் மட்டுமே திரும்பப்பெறக்கூடியவை. புதிய பாகத்தைக் கெடுத்தால் இன்னொன்று வாங்கலாம். உங்கள் மாமாவின் ஃபிரேமைக் கெடுத்தால் இன்னொன்று கிடையாது. இந்த வேலையில் ஃபிரேம் சொல்கிறபடி பாகங்கள் நடக்க வேண்டுமே தவிர, வாங்கிய பாகத்துக்காக ஃபிரேமை வளைப்பதும் வெட்டுவதும் கூடாது. ஓர் இடத்தில் மட்டும் இதற்கு விலக்கு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் நண்பர் சொன்னது இன்றைய சைக்கிள்களுக்கு ஓரளவு பொருந்தும். ஆனால் உங்களுடையது செய்யப்பட்ட காலத்தில் இங்கிலாந்துக்கு ஓர் அளவு, இத்தாலிக்கு ஓர் அளவு, பிரான்ஸுக்கு ஓர் அளவு, சுவிட்சர்லாந்துக்கு ஓர் அளவு என்று ஒவ்வொரு நாட்டுத் தொழிற்சாலையும் தன் வழக்கப்படி மரையும் குழாயும் செய்துகொண்டிருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் மில்லிமீட்டரிலும் ஆங்கிலேயர்கள் அங்குலத்திலும் சிந்தித்தார்கள். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் பல இடங்களில் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் இரண்டு பங்குதான். கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளிதான் உங்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறது.

ஃபிரேமைத் தொட்டுப் பாருங்கள்

பாகங்களைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு சோதனை இருக்கிறது, அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். சைக்கிளைத் தலைகீழாக வைத்துவிட்டு, ஹேண்டில்பார் குழாயிலிருந்து பெடல் பக்கமாக இறங்கும் கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில், குழாய் தொடங்கும் இடத்திலிருந்து ஒரு சாண் தூரம் வரை விரல் நுனியால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். மேல்குழாயின் அடியிலும் அதே இடத்தில் தடவுங்கள். முன்பக்கம் எதிலாவது மோதிய சைக்கிளாக இருந்தால் அங்கே தோலில் விழும் சுருக்கத்தைப் போல ஒரு சிறு மேடு தட்டுப்படும், அல்லது பெயின்டில் குறுக்கே மெல்லிய கோடு ஓடும். கண் ஏமாறும் இடத்தில் விரல் ஏமாறாது. பின் அச்சு உட்காரும் காதுகளின் ஓரங்களிலும், பற்றவைத்த இணைப்புகளிலும் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இவற்றில் ஏதாவது இருந்தால் மேற்கொண்டு செலவு செய்யாதீர்கள். சைக்கிளைச் சுத்தம் செய்து நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளுங்கள். எதுவும் இல்லையென்றால் தாராளமாக முன்னே போகலாம். மேலே படிந்த துருவுக்காகப் பயப்பட வேண்டியதில்லை.

இறுகி நிற்கும் அந்தக் கப்

உங்களுக்குத் தெரியாமலேயே விடையை உங்கள் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். பழைய கப்புகள் இரண்டும் வழக்கமான திசையில் கழன்றன என்கிறீர்கள். ஆங்கில மரை வெட்டிய ஃபிரேமாக இருந்திருந்தால், செயின் பக்கமான வலப்பக்கத்துக் கப் தலைகீழ் மரையில் இருந்திருக்கும். அதை வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழன்றிருக்கும். சுவிஸ் மரையும் அந்த விஷயத்தில் அப்படியே. இரண்டு பக்கமும் சாதாரண மரை இருக்கும் முறைகள் பிரெஞ்சும் இத்தாலியும்தான். பாட்டம் பிராக்கெட் உட்காரும் ஃபிரேம் குழாயைக் கூடு என்போம்; இத்தாலியக் கூட்டின் அகலம் 70 மில்லிமீட்டர், பிரெஞ்சுக் கூட்டின் அகலம் 68. வெர்னியர் காலிப்பரால் உங்கள் கூட்டை அளந்து பாருங்கள். 68 என்று வந்தால், வரும் என்றே நினைக்கிறேன், உங்களுடையது பிரெஞ்சு மரை.

நீங்கள் வாங்கியிருப்பது ஆங்கில அளவு. அதன் விட்டம் 1.37 அங்குலம், அதாவது சுமார் 34.8 மில்லிமீட்டர், ஓர் அங்குலத்துக்கு 24 மரை. பிரெஞ்சு அளவு 35 மில்லிமீட்டர் விட்டம்; மில்லிமீட்டருக்கு ஒரு மரை. ஆங்கிலக் கப் சற்று ஒல்லி என்பதால் தொடக்கத்தில் இலகுவாக ஏறுகிறது. ஆனால் அதன் ஒவ்வொரு மரைக்கும் இடையே 1.06 மில்லிமீட்டர் தூரம். கூட்டில் இருப்பதோ சரியாக 1 மில்லிமீட்டர். சுற்றுக்குச் சுற்று இந்த வித்தியாசம் சேர்ந்துகொண்டே போய், கப்பின் முகடு கூட்டின் முகட்டில் மோதி நிற்கிறது. துரு, அழுக்கு என்று நினைத்து அதற்குமேல் ஸ்பேனரை அழுத்தினால், முன்னேறும் ஒவ்வொரு கால் சுற்றும் ஃபிரேமின் மரையை அரைத்துக்கொண்டுதான் முன்னேறும்.

ஆகவே கப்பின் ஓரத்தில் இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் விட்டு, ஏறிய வழியிலேயே, பொறுமையாகக் கழற்றுங்கள். சற்றுக் கழற்றி, சிறிது திரும்ப இறுக்கி, மறுபடி கழற்றினால் உள்ளே சிக்கியிருக்கும் உலோகத் துகள் வழிவிடும். வெளியே வந்ததும் பழைய பல்துலக்கும் தூரிகையால் மரையைச் சுத்தம் செய்து, மாமா காலத்துப் பழைய இடப்பக்கக் கப்பைக் கையால் ஏற்றிப் பாருங்கள். அது விரலால் முழுத் தூரமும் போனால் பாதிப்பு எதுவும் இல்லை. முதல் ஒன்றிரண்டு மரையில் மட்டும் உராய்ந்தால், மரை வெட்டும் கருவியான டேப்பைப் பிரெஞ்சு அளவில் வைத்திருக்கும் பட்டறையில் அந்த மரையைச் சீர் செய்துகொள்ளலாம்.

புதிதாக ஆங்கில மரை வெட்டிவிடலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. 35 மில்லிமீட்டரில் ஏற்கெனவே வெட்டிய துளைக்குள் 34.8 அளவில் வெட்ட அங்கே போதுமான உலோகம் கிடையாது. பழைய மரையின் மேல் புதிய மரை ஓடி, இரண்டும் பாதிப் பாதியாக நிற்கும். பார்க்க மரை போல் இருக்கும். பெடலில் எழுந்து நின்று மிதித்தால் ஆடத் தொடங்கும். மரை முற்றிலும் அழிந்துபோன ஃபிரேம்களில், 36 மில்லிமீட்டர் இத்தாலிய அளவுக்குப் பெரிதாக்கி வெட்டுவது உண்டு. அது ஒரே ஒரு முறை கிடைக்கும் வாய்ப்பு. உங்கள் ஃபிரேமுக்கு அது இப்போது தேவையில்லை.

அப்படியானால் என்ன போடுவது? நான் முதலில் பார்ப்பது பழைய கப்புகளைத்தான். துணியால் துடைத்து, பால்ரஸ் ஓடும் பாதையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் ஒரே சீரான பளபளப்பு வளையம் தெரிந்தால் அந்தக் கப்புகள் இன்னும் பல ஆண்டு உழைக்கும். குழி குழியாக இருந்தால் அவை முடிந்துவிட்டன. நல்ல நிலையில் இருந்தால், பக்கத்துக்கு பதினொன்று வீதம் கால் அங்குலப் பால்ரஸ்களைப் புதிதாக வாங்கி, தாராளமாக கிரீஸ் வைத்துப் பூட்டிவிடலாம். மொத்த வேலையிலும் மிகக் குறைந்த செலவு இதுதான். கப்புகள் போய்விட்டிருந்தால் பிரெஞ்சு மரையில் இப்போதும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். மரையே தேவைப்படாமல் கூட்டுக்குள் விரிந்து பிடித்துக்கொள்ளும் வகையும் உண்டு. எப்படிப் பூட்டினாலும் ஒன்றை மறக்காதீர்கள்: பிரெஞ்சு முறையில் வலப்பக்கக் கப்புக்கு மிதிக்க மிதிக்கக் கழன்றுகொள்ளும் குணம் உண்டு. அதனால் அந்தப் பக்கத்தை மிக நன்றாக இறுக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று பயணங்களுக்குப் பிறகு மீண்டும் ஒருமுறை சோதியுங்கள்.

ஸ்டெம்மும் ஹேண்டில்பாரும்

கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படவைத்தது இந்தப் பகுதி. பாட்டம் பிராக்கெட் தவறினால் சைக்கிள் நிற்கும். ஸ்டெம்மோ ஹேண்டில்பாரோ உடைந்தால் ஓட்டுகிறவர் முகம் தரையில் மோதும்.

பிரெஞ்சு ஃபோர்க்கின் உள்விட்டத்துக்குப் பொருந்தும் ஸ்டெம் 22.0 மில்லிமீட்டர், நீங்கள் வாங்கியது பெரும்பாலும் 22.2. அதைத் தட்டி இறக்கக் கூடாது. இதை நான் பிறர் சொல்லிக் கேட்டுச் சொல்லவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், வாடிக்கையாளர் அவசரப்படுத்துகிறார் என்று இதே அளவு ஸ்டெம்மை இதே அளவு ஃபோர்க்கில் மரத்துண்டு வைத்துத் தட்டி இறக்கினேன். இறங்கியது. உயரத்தைக் குறைக்க வேண்டும் என்று அவர் இரண்டு வாரம் கழித்து வந்தபோது அது மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. வெட்டி எடுத்துப் பார்த்தபோது ஃபோர்க் குழாயின் மரைப் பகுதி வெளியே புடைத்திருந்தது. ஃபோர்க்கைச் சுழலவைக்கும் பேரிங்கான ஹெட்செட்டின் நட்டும் கழலவில்லை. ஒரு நல்ல ஃபோர்க்கை என் கையால் கெடுத்தேன். அதற்கு ஈடாக என் செலவில் வேறு ஃபோர்க் தேடிக் கொடுக்க எனக்கு நான்கு மாதம் ஆயிற்று.

செய்யக்கூடிய வழி இருக்கிறது. ஸ்டெம்மில் ஃபோர்க்குக்குள் இறங்கும் பகுதியை மட்டும், லேத்தில் சுழற்றியோ மெல்லிய உப்புக்காகிதத்தால் வட்டமாகத் தேய்த்தோ, எல்லாப் பக்கமும் சமமாக அந்த 0.2 மில்லிமீட்டரைக் குறைக்கலாம். ஆழமான கீறல் எதுவும் மிஞ்சக் கூடாது, ஏனென்றால் அலுமினியத்தில் விரிசல் தொடங்குவது கீறலில்தான். கிரீஸ் தடவி, கை அழுத்தத்தில் இறங்கி, கையாலேயே மேலே வர வேண்டும். இதற்கு நேர்மாறானதை ஒருபோதும் செய்யாதீர்கள்: 22.0 ஸ்டெம்மை 22.2 ஃபோர்க்கில் போட்டு, போல்ட்டை அதிகமாக இறுக்கிச் சமாளிப்பது ஆபத்து.

அடுத்து, அந்தக் கால உலோகம் என்ற நம்பிக்கை. உங்கள் எஃகு ஃபிரேமைப் பொறுத்தவரை அதில் நியாயம் உண்டு. எஃகு ஒரு குறிப்பிட்ட அளவுக்கு உட்பட்ட சுமையை எண்ணற்ற முறை தாங்கும். அலுமினியம் அப்படிப்பட்டதல்ல; ஒவ்வொரு குலுக்கலும், ஒவ்வொரு இழுப்பும் அதன் ஆயுளில் சிறிது எடுத்துக்கொண்டே போகும். அதோடு, ஹேண்டில்பார் டேப்புக்கு அடியில் பல ஆண்டு வியர்வை இறங்கி, உலோகத்தை வெள்ளைப் பொடியாக அரித்திருக்கும். டேப்பை முழுவதும் கழற்றி, ஸ்டெம் பிடிக்கும் நடுப்பகுதியின் இரண்டு ஓரங்களையும், பிரேக் லீவர் பிடித்த இடங்களையும், ஸ்டெம்மின் அடியில் உள்ள பிளவின் நுனியையும் பாருங்கள். விரிசல் தெரிந்தால் முடிவு எளிது. தெரியாவிட்டாலும், மாமா எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினார், எத்தனை முறை விழுந்தார் என்பது நம் இருவருக்கும் தெரியாது. வாரந்தோறும் ஓட்டப்போகிற சைக்கிளில் நான் இவை இரண்டையும் மாற்றிவிடுவேன். பழையவற்றைப் பத்திரமாக எடுத்துவையுங்கள், தூக்கிப்போட வேண்டாம்.

வாங்கும்போது இரண்டையும் ஜோடியாக வாங்குங்கள். ஹேண்டில்பாரின் நடுவிட்டம் பிரெஞ்சு வழக்கத்தில் 25.0, பிற்காலப் பொது அளவில் 25.4, இத்தாலிய ரோடு வழக்கத்தில் 26.0, பழைய சினெல்லி நிறுவனப் பாரில் 26.4. 25.0 பாரை 25.4 ஸ்டெம்மில் எவ்வளவு இறுக்கினாலும், நீங்கள் பிரேக்கை அழுத்தி முன்னால் சாயும் நேரத்தில் அது சுழலும். 26.4 பாரை 26.0 ஸ்டெம்மில் நெம்பி நுழைத்தால் ஸ்டெம் அங்கேயே வெடிப்பு விடும்.

பின்பக்கத்தை விரிப்பது

விலக்கு என்று சொன்னேனே, அது இங்கேதான். ஐந்து பல்சக்கரம் கொண்ட உங்கள் ஃபிரேமின் பின் காதுகளுக்கு இடையே 120 மில்லிமீட்டர் இருக்கும். நீங்கள் வாங்கிய எட்டு கியர்ச் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் 130. எஃகு ஃபிரேமைச் சூடு காட்டாமல் வளைத்து விரிப்பது முறையான, நெடுங்காலமாக நடந்துவரும் வேலை. அலுமினியத்திலும் கார்பனிலும் அதைச் செய்யவே கூடாது. எஃகிலும்கூட, கைகளால் காதுகளை இழுத்துப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் செருகுவது விரிப்பது ஆகாது. அப்போது காதுகள் ஒன்றுக்கொன்று சாய்ந்து நிற்கும், அச்சு வளைந்து காலப்போக்கில் ஒடியும்.

பத்து மில்லிமீட்டர் என்றால் பக்கத்துக்கு ஐந்து. செய்தவர்கள் உண்டு, ஆனால் பின் குழாய்களை இணைக்கும் சிறு குறுக்குக் குழாய்களின் பற்றவைப்பு அந்த அளவுக்குத் தாங்குமா என்பது ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் 126-இல் நிறுத்திக்கொள்வேன். பக்கத்துக்கு மூன்று மில்லிமீட்டர் அதிகமில்லை. நீங்கள் வாங்கிய ஹப் பால்ரஸும் அதை அழுத்தும் கோனும் வைத்த வகையாக இருந்தால், அச்சின் இடப்பக்க இடைவெளி வளையங்களில் நான்கு மில்லிமீட்டரை எடுத்துவிட்டு, அச்சையும் அதே அளவு குறைத்து, ரிம் ஃபிரேமின் நடுவில் வரும்படி ஆரக்கம்பிகளை மறுபடி இழுத்துக்கட்டினால் அதே சக்கரம் 126-க்கு வந்துவிடும். மூடிய பேரிங் வகையாக இருந்தால் இது சாத்தியமாகாமல் போகலாம். அப்போது சக்கரத்தைத் திருப்பிக்கொடுத்து, ஏழு கியருக்கான 126 ஹப் உள்ள சக்கரம் தேடுவது மேல்.

விரித்தபின் ஒரு நூல் போதும், வேலை சரியா என்று நீங்களே பார்க்க. ஒரு பின் காதில் நூலைக் கட்டி, முன்னால் ஹெட் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறு காதில் இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள தூரம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பட்டறைக்காரரிடம் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். காதுகள் ஒன்றுக்கொன்று இணையாகத் திருத்தப்பட்டனவா என்றும் கேளுங்கள். அதற்கென்று தனிக் கருவி உண்டு. அது இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

சக்கர அளவு மாறுவதையும் கணக்கில் எடுங்கள். 27 அங்குல ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 630 மில்லிமீட்டர், 700சி-யில் 622. ஆரத்தில் 4 மில்லிமீட்டர் குறைகிறது; ஆகவே பிரேக் கட்டை அதே 4 மில்லிமீட்டர் கீழே இறங்கி ரிம்மைப் பிடிக்க வேண்டும். உங்கள் பிரேக் கையில் உள்ள நீள்துளையில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் கம்பி இழுக்கும் பழைய வகைகளில் பெரும்பாலும் இருக்கும். பிரேக் கட்டைகளும் கேபிள்களும் கட்டாயம் புதிதாக இருக்க வேண்டும். ஐம்பது வயது ரப்பர் கல்லாகியிருக்கும்.

கியர் லீவர்களைப் பற்றி

சேர்ந்த லீவர்கள் வேண்டாம் என்பது என் கருத்து. காரணம் அழகு மட்டுமல்ல. கிளிக் வைத்துக் கியர் மாறும் முறையில், லீவர் ஒரு கிளிக்குக்கு இழுக்கும் கேபிளும், செயினைத் தள்ளும் டீரெய்லரின் விகிதமும், பல்சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரமும் ஒன்றுக்கொன்று இயைந்தால்தான் கியர் விழும். ஷிமானோ நிறுவனத்தின் எட்டு கியரில் அந்தத் தூரம் 4.8 மில்லிமீட்டர், பத்து கியரில் 3.95. ஒரே நிறுவனத்தின் பெயர் இருந்தால் ஒன்றோடொன்று பொருந்தும் என்பதும் சரியல்ல: 1980-களில் வந்த ட்யூரா ஏஸ் 7400 வரிசையின் பின் டீரெய்லர் அதே நிறுவனத்தின் மற்ற வரிசை லீவர்களோடு கிளிக்கில் ஒத்துப்போகாது.

மாமாவின் கீழ்க்குழாயில் இருக்கும் கிளிக் இல்லாத உராய்வு லீவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஐந்தோ ஏழோ எட்டோ, கை நகர்த்திய தூரத்துக்குச் செயின் நகரும். காதால் கேட்டு, விரலால் சரிசெய்யும் பழக்கம் இரண்டு மூன்று பயணங்களில் வந்துவிடும். பின் டீரெய்லரை மட்டும் மாற்ற வேண்டியிருக்கலாம், ஏனென்றால் ஐந்து பல்சக்கரங்களின் அகலத்துக்குச் செய்யப்பட்டது எட்டின் அகலத்தைக் கடைசி வரை எட்டாமல் போகும். அந்தக் காலத்துச் சிம்ப்ளெக்ஸ் நிறுவன டீரெய்லர்கள் பலவற்றின் உடல் டெல்ரின் என்ற பிளாஸ்டிக். உங்களுடையது அதுவானால், போல்ட்டைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். புதிய டீரெய்லர் மாட்டும் துளைக்கு 10 மில்லிமீட்டர் மரை வேண்டும். பழைய பிரெஞ்சுக் காதுகள் சிலவற்றில் மரையே இல்லாத துளை இருக்கும்; அதில் மரை போடுவது எளிய வேலைதான், என்றாலும் அதுவும் திரும்பப்பெற முடியாதது, தெரிந்தே முடிவெடுங்கள். செயினுக்கு எட்டு கியர்ச் செயின் வாங்கினால் ஐந்திலிருந்து எட்டு வரை எல்லாவற்றுக்கும் ஓடும்.

மீதமுள்ளவை

ஹெட்செட்டை மாற்றாதீர்கள். பிரெஞ்சு மரை 25 மில்லிமீட்டர் விட்டம், மில்லிமீட்டருக்கு ஒரு மரை; பொது அளவு 1 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை; இரண்டும் கலக்காது. கழற்றிச் சுத்தம் செய்து, பழைய பால்ரஸை அளந்து அதே அளவில் புதிது போட்டால் பெரும்பாலும் போதும்.

பெடல்: பெடல் மாட்டும் கையான பழைய கிராங்கில், 14 மில்லிமீட்டர் விட்டத்தில் 1.25 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட மரை இருக்கலாம். உங்கள் புதிய பெடல் 9/16 அங்குலம், அதாவது 14.29 மில்லிமீட்டர். கிராங்கை அந்த அளவுக்கு டேப் போட்டுப் பெரிதாக்கிக்கொள்ளலாம், உலோகம் போதும். டேப் போடாமல் பெடலையே திருகி ஏற்றினால் கிராங்கின் மரை உரிந்துவிடும்.

சீட் போஸ்ட்: 27.2 வாங்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது 28.6 மில்லிமீட்டர் குழாய்க்கு உரியது. பிரெஞ்சுச் சீட் குழாயின் வெளிவிட்டமே 28.0, அதில் 27.2 போக வேண்டுமானால் குழாயின் சுவர் 0.4 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும், அப்படி இருப்பதில்லை. 26.4 அல்லது அதை ஒட்டிய அளவாக இருக்கும். பழைய போஸ்டில் பொறித்திருக்கும் எண்ணை மட்டும் நம்பாமல் வெர்னியரால் அளந்து பாருங்கள். முன்பு யாரோ தவறான அளவைப் போட்டு இறுக்கியிருக்கலாம். முன் டீரெய்லரைப் பிடிக்கும் வளையத்துக்கும் இதே 28.0 கணக்குதான். 28.6 வளையம் கிடைத்தால் இடையில் மெல்லிய தகடு சுற்றிக்கொள்ளலாம்.

வாங்கியவற்றைத் திருப்புவது

பாட்டம் பிராக்கெட்டின் மரை ஏறி இறங்கிவிட்டதால் அதை விற்றவர் மறுக்கலாம். அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருங்கள். லீவர்களைப் பொருத்தவில்லை என்பதால் உடனே கேளுங்கள். எஃகு ரோடு சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று விற்றவர் எழுத்தில் சொல்லியிருந்தால் அந்தச் செய்தியைப் பாதுகாத்து, கூட்டின் அளவைக் காட்டும் படத்தோடு அனுப்புங்கள். அது நியாயமான கோரிக்கை. இனிமேல் பழைய பாகம் வாங்கும்போது, வெர்னியரின் வாய் பாகத்தைப் பிடித்து, எண் தெளிவாகத் தெரியும் படம் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். ஒரிஜினல் என்ற சொல் பாகத்தின் வயதைத்தான் சொல்லும், அளவைச் சொல்லாது. பட்டறையிலும், வெட்டுவது, துளைப்பது, வளைப்பது ஆகிய எதற்கும் முன்னால் உங்களைக் கேட்க வேண்டும் என்று எழுதியே கொடுங்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நல்ல மெக்கானிக் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

முயற்சியைக் கைவிடும் கேள்விக்கு, ஃபிரேமில் சுருக்கமோ விரிசலோ இல்லாதவரை, வேண்டாம் என்பதே என் பதில். பெயின்ட் அடிக்கும் ஆசை இருந்தால் அதை ஒரு வருடம் தள்ளிவையுங்கள். ஓட்டிப் பார்த்துப் பொருத்தங்கள் எல்லாம் நிலைத்த பிறகுதான் அது.

பழைய கப்புகள் உதவாது என்று தெரிந்தால் எனக்கு மூன்று அளவுகளை அனுப்புங்கள்: கூட்டின் அகலம், கப்புகளுக்குள் சுழலும் அச்சான பழைய ஸ்பிண்டிலின் மொத்த நீளம், பழைய கிராங்கைப் பூட்டிய நிலையில் சீட் குழாயின் நடுவிலிருந்து இரண்டு முன் பல்சக்கரங்களுக்கும் நடுவே உள்ள தூரம். கடைசி அளவு 43 அல்லது 44 மில்லிமீட்டர் அருகில் வர வேண்டும். அதை வைத்து எந்த நீள ஸ்பிண்டில் வாங்கலாம் என்று எழுதுகிறேன். அதுவரை வேறு எதையும் வாங்காதீர்கள்.